எம்டன் சுட்ட தொலைவு: சென்னைத் துறைமுகத் தாக்குதலும் தொலைவுமானியின் வரலாறும்

ஆய்வுச் சுருக்கம்

முதல் உலகப்போரின் தொடக்கத்தில், 1914 செப்டம்பர் 22 இரவில், ஜெர்மானியப் போர்க்கப்பலான எம்டன் சென்னைத் துறைமுகத்தை ஒட்டியிருந்த எண்ணெய்த் தாங்கிகளைச் சுட்டு எரித்தது. இந்நிகழ்வு மக்களின் அச்சம், இடப்பெயர்வு, சொல்வழக்கு ஆகியவற்றின் வழியே பெரிதும் பேசப்பட்டுள்ளது. பீரங்கிக்கும் இலக்குக்கும் இடைப்பட்ட தொலைவு எவ்வாறு அறியப்பட்டிருக்கும் என்னும் வினாவை முன்வைத்து இக்கட்டுரை அதனை மீண்டும் அணுகுகிறது. ஒளியியல் தொலைவுமானிக்கும் பின்னாளில் வந்த லேசர் தொலைவுமானிக்கும் இடையிலான தெரிவு பொதுவாகத் துல்லியம் பற்றியதாகவே கருதப்படுகிறது. வரும் ஒளியைக் கொண்டு அளப்பதா, தானே ஒளியை எறிந்து அளப்பதா என்பதே அத்தெரிவின் அடிப்படை என்றும், அவ்வினா 1914இலேயே வடசென்னைக் கடலில் எழுந்துவிட்டது என்றும் இக்கட்டுரை வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: எம்டன், சென்னைத் துறைமுகம், இராயபுரம், தொலைவுமானி, லேசர், கடற்போர் வரலாறு

முன்னுரை

'அவன் பெரிய எம்டன்' என்னும் வழக்கைக் கேளாத தமிழர் முந்தைய தலைமுறையில் அரியர். துணிவும் தந்திரமும் ஒருங்கே உடையவனைச் சுட்டும் இச்சொல், ஒரு கப்பலின் பெயர் என்பதே பலருக்கு மறந்துபோயிற்று. 1914இன் தாக்குதல் அரை மணி நேரத்துக்குள் முடிந்தது. அடுத்த சில நாட்களில் பல்லாயிரம் பேர் நகரை விட்டு வெளியேறினர். உயர்நீதிமன்ற வளாகத்தில் குண்டு விழுந்த இடத்தைக் குறிக்கும் கல்வெட்டு இன்றும் உள்ளது. எழும்பூர் அருங்காட்சியகத்தில் குண்டின் சிதறல் ஒன்று காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது. இவற்றைச் சுற்றியே சென்னை வரலாற்று எழுத்து எம்டனைப் பேசுகிறது.

செண்பகராமன் பிள்ளை அக்கப்பலில் இருந்தார் என்னும் செய்தியும் தமிழ் நூல்களில் தொடர்ந்து இடம்பெற்று வருகிறது. 1914இல் சூரிச் நகரில் இயங்கி, அவ்வாண்டின் பிற்பகுதியில் பெர்லினுக்குச் சென்ற ஒருவர் அதே செப்டம்பரில் வங்கக் கடலில் இருந்திருக்க இயலாது. ஆகவே அச்செய்தியை இக்கட்டுரை ஏற்கவில்லை.

இங்கே எழுப்பப்படும் வினா எளியது. இருளில், அசையும் கப்பலின் தளத்தில் நின்று சுட்டவர்கள் கரையிலிருந்த இலக்கின் தொலைவை எப்படி அறிந்திருப்பர்? கரையிலிருந்து திருப்பிச் சுட்டவர்கள் ஏன் அதனை அறிய முடியாமற் போனார்கள்? எம்டனின் வெற்றியை ஜெர்மானியப் பொறியியலின் மேன்மைக்கும், கரைப் பீரங்கிகளின் தோல்வியை வீரர்களின் கவனக்குறைவுக்கும் ஏற்றிச்சொல்லும் போக்கு நிலவுகிறது. இவ்விரு விளக்கங்களையும் கணக்கிட்டுப் பார்த்தே ஏற்கவோ மறுக்கவோ வேண்டும்.

முக்கோணத்துக்குள் அடங்கும் தொலைவு

தொலைவை நடந்து அளக்க முடியாதபோது முக்கோணத்தால் அளப்பது பழைய முறை. இம்முறையின் புகழ்பெற்ற இந்தியத் தொடக்கம் சென்னையிலேயே நிகழ்ந்தது. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் பரங்கிமலையை ஒட்டிச் சுமார் ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றைச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். அடிக்கோட்டின் நீளமும் அதன் இரு முனைகளிலிருந்து ஒரு குன்றுக்குள்ள கோணங்களும் தெரிந்தால், குன்றின் தொலைவு கணக்கில் கிடைத்துவிடும். இந்தியாவின் பெரும் முக்கோண அளவை இக்கோட்டிலிருந்தே விரிந்தது.

ஒளியியல் தொலைவுமானி இதே முக்கோணத்தைத் தலைகீழாகப் பயன்படுத்துகிறது. இலக்கின் தொலைவு பல ஆயிரம் மீட்டர். அடிக்கோடோ ஒரு குழாயின் நீளம் மட்டுமே. லீட்ஸ் நகரின் யார்க்ஷயர் கல்லூரிப் பேராசிரியர்களான ஆர்ச்சிபால்ட் பார், வில்லியம் ஸ்ட்ரௌட் இருவரும், காலாட்படைக்குத் தொலைவுமானி வேண்டிப் பிரிட்டிஷ் போர்த்துறை 1888இல் வெளியிட்ட விளம்பரத்தைக் கண்டு இத்துறையில் இறங்கினர். போர்த்துறை அவர்களது கருவியை ஏற்கவில்லை, கடற்படை ஏற்றது. 1892இல் அரேத்தூசா என்னும் கப்பலில் சோதித்த பின் கருவிகள் வாங்கப்பட்டன. குழாயின் இரு முனைகளிலும் உள்ள ஆடிகள் இலக்கின் இரு பிம்பங்களை நடுவிலுள்ள கண்ணருகுக்குக் கொண்டுவரும். மேற்பாதி ஒரு முனையிலிருந்தும் கீழ்ப்பாதி மறுமுனையிலிருந்தும் வரும். பாய்மரம் முறிந்ததுபோல் தோன்றும் அப்பிம்பத்தைத் திருகைச் சுழற்றி ஒட்டவைத்தால், அளவுகோலில் தொலைவைப் படிக்கலாம். இதனைப் பிம்பம் பொருத்தும் வகை எனலாம்.

ஜெர்மானியர் யேனா நகரின் சைஸ் நிறுவனம் உருவாக்கிய இருகண் வகையைப் பெரிதும் நாடினர். அதில் ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு முனையின் பிம்பம் செல்லும். காட்சியின் ஆழத்தில் மிதப்பதுபோல் தோன்றும் ஒரு குறியை, இலக்கோடு சமதொலைவில் நிற்கும் வரை நகர்த்துவர். செங்குத்தான தெளிந்த விளிம்பு உள்ள இலக்குக்கு முதல் வகை ஏற்றது. புகை, மங்கல், வடிவற்ற உருவம் ஆகியவற்றுக்கு இரண்டாம் வகை ஏற்றது. ஆனால் இரண்டாம் வகைக்கு ஆழ உணர்வு மிகுந்த கண்கள் வேண்டும். அத்தகையோரைச் சோதித்தே தேர்ந்தெடுக்க வேண்டும். களைப்பும் அச்சமும் அவ்வுணர்வைக் குலைக்கும். ஒளியியல் கருவி என்ற ஒரே பெயருக்குள்ளும், எத்தகைய இலக்கு, எத்தகைய ஆள் என்பதைப் பொறுத்த ஒரு தெரிவு இருந்தது.

இவ்விரு வகைக்கும் பொதுவான குறை ஒன்றுண்டு. பிழை, தொலைவின் வர்க்கத்துக்கு ஏற்ப வளரும். அடிக்கோட்டின் நீளமும் உருப்பெருக்கமும் கூடக்கூடக் குறையும். அக்காலக் கப்பற் கருவிகளில் பரவலாக வழங்கிய நாலரை அடி, அதாவது சுமார் 1.37 மீட்டர் அடிக்கோட்டை எடுத்துக்கொள்வோம். உருப்பெருக்கம் 20 மடங்கு, பயிற்சி பெற்ற கண் வேறுபடுத்தும் கோணம் 12 விகலை எனக் கொண்டால், 3,000 மீட்டரில் பிழை ஏறத்தாழ 19 மீட்டர். தொலைவு மும்மடங்காகி 9,000 மீட்டரானால் பிழை ஒன்பது மடங்காகி 170 மீட்டரைத் தொடும். இவை நல்ல நிலைமைக்குரிய கணக்குகள். குழாய் வெயிலில் ஒருபுறம் சூடேறி வளைந்தாலே அளவு கெட்டுவிடும். அடிக்கோட்டை நீட்டுவதுதான் ஒரே வழியாக இருந்தது. ஆகவேதான் பிரிட்டிஷ் பெருங்கப்பல்களில் நாலரை அடி ஒன்பது அடியாகி, பின்னர் பதினைந்து அடியாக வளர்ந்தது.

செப்டம்பர் 22

எம்டன் 1908இல் டான்சிக் நகரில் நீரிலிறக்கப்பட்ட இலகுவகைப் போர்க்கப்பல், 10.5 சென்டிமீட்டர் வாயுடைய பத்துப் பீரங்கிகளைக் கொண்டது. தளபதி கார்ல் ஃபொன் முல்லர். 1914 செப்டம்பர் இரண்டாம் வாரத்திலிருந்து வங்கக் கடலில் வணிகக் கப்பல்களைப் பிடித்தும் மூழ்கடித்தும் வந்த அக்கப்பல், 22ஆம் நாள் இரவு ஒன்பதரை மணியளவில் சென்னைக் கரைக்குச் சுமார் 3,000 கஜம் வரை நெருங்கியது. நகரின் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. 1894 முதல் உயர்நீதிமன்றக் கட்டடத்தின் உயர்ந்த கோபுரத்தில் இயங்கிய கலங்கரை விளக்கமும் அணைக்கப்படவில்லை.

கப்பல் தன் தேடொளி விளக்குகளை ஏற்றி, பர்மா ஆயில் கம்பெனியின் தாங்கிகள் மீது ஒளியைப் பாய்ச்சிச் சுட்டது. நூற்றிருபதுக்கும் மேற்பட்ட குண்டுகள் சுடப்பட்டன. தாங்கிகள் பற்றியெரிந்தன, மூன்று இலட்சம் காலனுக்கும் மேற்பட்ட எண்ணெய் அழிந்தது. துறைமுகத்திலிருந்த சுப்ரா என்னும் வணிகக் கப்பலும் அடிபட்டது, உயிரிழப்பும் நேர்ந்தது. கரைப் பீரங்கிகள் சுட்ட ஒன்பது குண்டுகளில் ஒன்றும் எம்டனைத் தொடவில்லை. பின்னர் எம்டன் கரையை நோக்கிய இடப்பக்க விளக்குகளை எரியவிட்டு வடக்கே செல்வதுபோல் காட்டி, அவற்றை அணைத்துத் தெற்கே திரும்பிச் சென்றது. எண்ணூர்ப் பக்கம் தேடியவர்களுக்கு அது கிடைத்திராது.

3,000 கஜம் என்பது சுமார் 2,750 மீட்டர். கணக்குக்கு வசதியாக 3,000 மீட்டர் என வைத்துக்கொள்வோம். எம்டனின் குண்டு நொடிக்குச் சுமார் 690 மீட்டர் வேகத்தில் குழாயை விட்டு வெளியேறும். இத்தொலைவில் அதன் பாதை ஏறக்குறையத் தட்டையானது; விழும் கோணம் 5 பாகை எனக் கொள்ளலாம். தாங்கியின் உயரம் 10 மீட்டர் எனில், தொலைவைக் கூட்டிக் கணித்தாலும் 114 மீட்டர் வரை குண்டு தாங்கியின் மீது எங்கேனும் படும். கருவியின் பிழை 19 மீட்டர். பொறுக்கப்படும் பிழையோ அதைப்போல் ஆறு மடங்கு.

இதைவிட எளிய ஒரு வழியும் இருந்தது. உயர்நீதிமன்றக் கலங்கரை விளக்கின் உயரம் கடலோடிகளுக்குத் தெரிந்த எண். 50 மீட்டருக்குச் சற்று மேல். 3,000 மீட்டரிலிருந்து பார்த்தால் அது ஏறத்தாழ ஒரு பாகைக் கோணத்தில் தெரியும். எந்தக் கப்பலிலும் உள்ள செக்ஸ்டன்ட் கருவியால் அக்கோணத்தை ஒரு கலைத் துல்லியத்தில் அளந்தால் தொலைவில் பிழை 50 மீட்டரே வரும். விளக்கின் திசையையும் கடல் வரைபடத்தையும் சேர்த்துக்கொண்டால், துறைமுகத்தின் எந்தப் புள்ளிக்கும் உரிய தொலைவு போதிய அளவுக்குக் கிடைத்துவிடும். நம் நகரின் விளக்கே பகைக் கப்பலுக்குத் தொலைவுமானியாகவும் பயன்பட்டிருக்கக்கூடிய நிலை இது. எனவே அன்றிரவின் வெற்றியைச் சைஸ் நிறுவனத்தின் கண்ணாடிக்கு உரியதாக்குவது பொருந்தாது. அசையாத பெரிய இலக்கு, குறைந்த தொலைவு, அணையாத விளக்குகள் ஆகிய மூன்றும் இருந்தபோது எந்தக் கருவியும் போதுமானது.

தட்டையான பாதைக்கு மற்றொரு விளைவும் உண்டு. இலக்கின் மேலாகத் தப்பிய குண்டு உடனே விழாது. நூறு மீட்டருக்கும் மேல் கடந்தே தரையைத் தொடும், தெறித்து இன்னும் தொலைவு செல்லவும் கூடும். நகருக்குள் குண்டுகள் விழுந்தமைக்கு, நகரையே குறிவைத்தார்கள் என்பதைத் தவிர இப்படியும் ஒரு விளக்கம் இயலும். கரையில் நின்றோர் அனுபவம் எப்படி இருந்திருக்கும் என்பதையும் இக்கணக்கு ஓரளவு காட்டுகிறது. குண்டின் சராசரி வேகம் நொடிக்கு 500 மீட்டர் எனில் அது 6 நொடியில் கரையை அடையும்; பீரங்கியின் ஓசை வந்துசேர ஏறத்தாழ 9 நொடி ஆகும். முதலில் கடலில் மின்னல், பிறகு அருகே வெடிப்பு, அதற்கும் பின்னர் தொலைவில் ஓர் இடி. காரணத்துக்கு முன்னால் விளைவு வந்துசேரும் இந்த வரிசை, பீரங்கிச் சண்டையை அறியாத இராயபுரத்து மக்களுக்கு என்னவாகத் தோன்றியிருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று. அவ்விரவின் பீதியை அறியாமை என்று எளிதாக எழுதிச்செல்வோர் இதனைக் கருத வேண்டும்.

தாழ்ந்த கரையின் குறை

கடற்கரை இரயில் நிலையத்துக்கும் இராயபுரத்துக்கும் இடையே கிளைவ் பேட்டரி என்னும் இடப்பெயர் இன்றும் வழங்குகிறது. பேட்டரி என்பது இங்கே பீரங்கி அணி, மின்கலம் அன்று. சென்னைக் கரையைக் காக்கப் பீரங்கிகள் நிறுத்தப்பட்டிருந்த காலத்தின் எச்சம் அப்பெயர்.

பிரிட்டிஷ் கரைப் பீரங்கிப் படை பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து நம்பிய கருவி, வாட்கின் என்னும் அதிகாரி உருவாக்கிய இறக்கக்கோணத் தொலைவுமானி. கடல்மட்டத்திலிருந்து தெரிந்த உயரத்தில் நின்று, கப்பலின் நீர்க்கோட்டைக் கீழ்நோக்கிப் பார்க்கும் கோணத்தை அளப்பது அதன் முறை. இங்கே அடிக்கோடு செங்குத்தானது. கருவி நிற்கும் உயரமே அடிக்கோடு. ஜிப்ரால்டர் போன்ற பாறைக் கரைக்கு அது மிகச் சிறந்த முறை. நூறு மீட்டர் உயரக் குன்று நூறு மீட்டர் அடிக்கோட்டுக்கு ஈடு. எந்தக் கப்பலிலும் அத்தனை நீளக் குழாயைப் பொருத்த முடியாது.

சென்னைக் கரையோ மணற்கரை. இராயபுரம் முதல் எண்ணூர்க் கழிமுகம் வரை பீரங்கி நிறுத்தத்தக்க குன்று ஒன்றுமில்லை. கட்டடத்தின் மேல் ஏறினால் 10 மீட்டர் உயரம் கிடைக்கலாம். அங்கிருந்து 3,000 மீட்டரிலுள்ள கப்பலைப் பார்க்கும் இறக்கக்கோணம் பதினொன்றரைக் கலை மட்டுமே. கடல்மட்டம் ஏற்றவற்றத்தால் அரை மீட்டர் மாறினாலே தொலைவில் 5 விழுக்காடு, அதாவது 150 மீட்டர் பிழை வரும். இலக்கோ தாங்கிபோல் உயர்ந்ததன்று. கடலில் தாழ்ந்து கிடக்கும் குறுகிய கப்பல். குண்டு பட வேண்டிய இடைவெளியும் சிறியது.

இதற்கு மேல் இருள். நீர்க்கோடு தெரியாதபோது இறக்கக்கோணக் கருவிக்கு வேலையில்லை. பிம்பம் பொருத்தும் வகைக்கு இருளிலும் ஒரு வழியுண்டு. ஒளிப்புள்ளியைச் செங்குத்துக் கோடாக இழுத்துக் காட்டும் வில்லையை பார், ஸ்ட்ரௌட் கருவிகளில் இடையே தள்ளிக்கொள்ளலாம். விளக்கு தெரிந்தால் அதுவே பாய்மரமாகிவிடும். எம்டன் தேடொளியை ஏற்றிய கணமே தன்னை இவ்வாறு அளக்கத்தக்க புள்ளியாக்கிக்கொண்டது. கரையிலிருந்தோர்க்கு அந்த ஒளி கண்ணைக் கூசச்செய்யும் ஒளியுமாகும். கருவியைத் திருப்பி, புள்ளியைப் பிடித்து, அளவைப் பீரங்கிக்குச் சொல்லி, குண்டு நீரில் விழுந்து எழுப்பும் நீர்த்தூணை இருளில் கண்டு திருத்துவதற்குச் சில நிமிடங்களேனும் வேண்டும். முல்லர் அதற்கு மேல் காலம் கொடுக்கவில்லை. ஒன்பது குண்டுகளின் தோல்வியில் ஆயத்தமின்மைக்குப் பங்குண்டு என்பது உண்மையே. விளக்குகளை அணைக்காத நிருவாகமும் அதில் சேரும். ஆயினும் கரையின் நில அமைப்புக்கு உரிய பங்கைப் பீரங்கி வீரர் மேல் ஏற்றுவது நியாயமாகாது.

கோகோஸ் தீவருகே

ஏழு வாரங்கள் கழித்து, 1914 நவம்பர் 9 அன்று, கோகோஸ் தீவுகளருகே எம்டன் ஆஸ்திரேலியக் கப்பலான சிட்னியை எதிர்கொண்டது. பகல் வெளிச்சம், இரு கப்பல்களும் விரைந்து நகர்ந்தன. சண்டை சுமார் 9,500 மீட்டரில் தொடங்கியது. எம்டன் அத்தொலைவில் சுட முடியும் என்றே சிட்னி எதிர்பார்க்கவில்லை. எம்டனின் பீரங்கிகள் 30 பாகை வரை உயர்ந்து 12,000 மீட்டருக்கும் அப்பால் எறியவல்லன. முதற் சில நிமிடங்களிலேயே அதன் குண்டுகள் சிட்னியைத் தாக்கின. அவற்றுள் ஒன்று மேற்தளத்திலிருந்த தொலைவுமானியைச் சிதைத்து, அதனை இயக்கியவரைக் கொன்றது.

இத்தொலைவில் கருவிக்கு உண்மையான வேலை இருந்தது. குண்டு செங்குத்தாய் இறங்குகிறது. 170 மீட்டர் பிழை என்பது ஒரு கப்பலின் அகலத்தைப்போல் பன்மடங்கு. எம்டன் விரைவில் தொலைவைப் பிடித்தது அதன் வீரர்களின் திறனுக்கும் கருவிக்கும் சான்று. வென்றதோ தொலைவுமானியை இழந்த கப்பல். நீர்த்தூண்களைப் பார்த்து முன்பின் திருத்தும் பழைய முறைக்குச் சிட்னி திரும்பியது. மிகுந்த வேகத்தால் தொலைவைத் தன் விருப்பப்படி வைத்துக்கொண்டது. அதன் குண்டு ஒன்று சுமார் 45 கிலோ, எம்டனுடையதோ 17 கிலோ. அன்று முற்பகலிலேயே எம்டன் வடக்குக் கீலிங் தீவின் பாறைத் திட்டில் ஏற்றப்பட்டது. அதன் வீரர்களில் 134 பேர் மாண்டனர். முதல் அதிகாரி ஹெல்முத் ஃபொன் மியூக்கே தலைமையில் தந்தி நிலையத்தை அழிக்கக் கரையிறங்கிய ஏறத்தாழ ஐம்பது பேர் சண்டையில் இல்லை. கரையிலிருந்து அவர்கள் தப்பிச்சென்ற கதை தனி.

ஆக, சென்னையில் எம்டன் வென்றதற்கும் கோகோஸில் தோற்றதற்கும் தொலைவுமானி தீர்மானமான காரணமாக இருக்கவில்லை. இக்கூற்று கருவியின் வரலாற்றைச் சிறிதாக்குவதாகத் தோன்றலாம். அன்று ஒரு கருவி எந்த இடைவெளியில் மட்டும் பயனுடையது என்பதை இது வரையறுக்கிறது: கண்ணாலேயே மதிப்பிட்டுவிடக்கூடிய அண்மைக்கும், முக்கோணம் மெலிந்து பயனற்றுப்போகும் சேய்மைக்கும் இடைப்பட்ட ஒரு பட்டை.

ஒளியை எறியும் கருவி

கடலில் ஒளியியல் தொலைவுமானியின் இடத்தை முதலில் பிடித்தது ரேடார். இரண்டாம் உலகப்போரின் முடிவுக்குள் அம்மாற்றம் பெரும்பாலும் முடிந்துவிட்டது. நிலத்தில், தரையை ஒட்டி நகரும் டாங்கிக்கு ரேடார் உதவவில்லை. அங்கே கண்ணாடிக் குழாய்கள் இன்னும் கால் நூற்றாண்டு நீடித்தன.

தியோடர் மைமன் 1960 மே மாதத்தில் மாணிக்கப் படிகத்தைக் கொண்டு முதல் லேசரை இயக்கினார். அடுத்த ஆண்டே லேசரால் தொலைவளக்கும் கருவி செய்து காட்டப்பட்டது. இதன் முறையில் முக்கோணமே இல்லை. ஒளித்துடிப்பு இலக்கில் பட்டுத் திரும்பும் காலத்தை அளந்தால் போதும். 3,000 மீட்டர் தொலைவுக்குப் போய்வர 20 மைக்ரோ நொடி. 9,000 மீட்டருக்கு 60. காலத்தை அளப்பதில் நேரும் ஒவ்வொரு நானோ நொடிப் பிழையும் தொலைவில் 15 சென்டிமீட்டர். தொலைவு கூடினாலும் இப்பிழை வளர்வதில்லை. 9,000 மீட்டரில் 170 மீட்டர் பிழைசெய்த கருவியின் இடத்தில், அதே தொலைவில் 5 அல்லது 10 மீட்டரே தவறும் கருவி வந்தது. பிரிட்டனின் சீஃப்டன் டாங்கிக்கு இத்தகைய லேசர் கருவியைச் செய்தளித்தது, முக்கோணக் குழாய்களால் புகழ்பெற்ற அதே பார், ஸ்ட்ரௌட் நிறுவனமே.

இம்மாற்றத்தின் தமிழ்நாட்டுப் பக்கம் துறைமுகத்துக்கு மேற்கே ஆவடியில் நிகழ்ந்தது. அங்குள்ள கனரக வாகனத் தொழிற்சாலையில் 1960களின் நடுவிலிருந்து உருவான விஜயந்தா டாங்கியில் தொடக்கத்தில் தொலைவுமானிக் குழாயும் இல்லை, லேசரும் இல்லை. முதன்மைப் பீரங்கியோடு இணைத்த ஓர் இயந்திரத் துப்பாக்கியால் ஒளிரும் தோட்டாக்களைச் சுட்டு, அவை இலக்கில் படுவதைக் கண்டபின் பீரங்கியைச் சுடுவர். சுமார் 1,800 மீட்டர் வரை இம்முறை நம்பகமானது. அதற்கப்பால் தோட்டா தெரியாது. 1980களின் இறுதியில் அங்கே உற்பத்திக்கு வந்த டி-72 வகை டாங்கியில் லேசர் தொலைவுமானி இருந்தது. அதே டாங்கியின் முந்தைய சோவியத் வடிவங்களிலோ பிம்பம் பொருத்தும் ஒளியியல் கருவியே பொருத்தப்பட்டிருந்தது. ஆவடியிலேயே வடிவமைக்கப்பட்ட அர்ஜுன் டாங்கியும் லேசரோடு பிறந்தது.

துல்லியத்தை மட்டும் பார்த்தால் வழக்கு இத்துடன் முடிந்துவிடும். ஆனால் லேசர் எம்டனின் தேடொளிக்கு உறவானது. இரண்டும் ஒளியை எறிகின்றன. எறிந்தவன் இருக்குமிடம் அந்த ஒளியாலேயே வெளிப்படுகிறது. லேசர் படுவதை உணர்ந்து எச்சரிக்கும் உணரிகள் இன்று பல டாங்கிகளிலும் போர்க்கப்பல்களிலும் உள்ளன. முக்கோணக் குழாயோ இலக்கிலிருந்து வரும் ஒளியை வாங்கிக்கொள்வது மட்டுமே. தான் அளக்கப்படுவதை இலக்கு அறியாது. முல்லர் தேடொளியை ஏற்றத் துணிந்தது, கரை ஆயத்தமாக இல்லை என்று கணித்ததாலேயே. ஒளியெறிந்த கணம் முதல் அவருக்குக் காலம் குறைந்துகொண்டே வந்தது. லேசர் பொத்தானை அழுத்துவோர்க்கும் அதே கணக்கு உண்டு. ஆகையால் லேசர் வந்தபின்னும் ஒளியியல் முறைகள் முற்றிலும் நீங்கவில்லை. இலக்கின் தெரிந்த உயரத்தைக் கொண்டு தொலைவு கணிக்கும் கோடுகள் டாங்கியின் பார்வைக் கண்ணாடியிலும் தொலைதூரத் துப்பாக்கியின் கண்ணாடியிலும் இன்றும் பொறிக்கப்படுகின்றன. கலங்கரை விளக்கைச் செக்ஸ்டன்டால் அளப்பதும் அதே கணக்குதான்.

எண்ணூர்க் கடல்மீது

வடசென்னைக் கடற்கரையை வைத்து இத்தெரிவை இன்று சிந்தித்தால் வேறு சில செய்திகளும் சேர்கின்றன. நண்பகலில் சுடுமணலின் மேல் எழும் கானல் முக்கோணக் குழாயின் பிம்பங்களை நெளியச்செய்யும். லேசரின் காலக்கணக்கை அது பெரிதாகப் பாதிக்காது. மறுபுறம், கடல்மட்டத்தை ஒட்டிச் செல்லும் லேசர்க் கற்றையை அலைமுகடும் நீர்த்திவலையும் இடைமறித்துப் பொய்யான எதிரொளிகளைத் தரும். கற்றை அரை மில்லி ரேடியன் விரிந்தால் 3,000 மீட்டரில் அதன் அகலம் ஒன்றரை மீட்டர், 9,000 மீட்டரில் நாலரை மீட்டர். பெரிய கப்பலுக்கு அது சிக்கலன்று. அலைகளுக்கிடையே தாழ்ந்து தெரியும் சிறு படகுக்குச் சிக்கலே. எந்த எதிரொளி இலக்கினுடையது என்பதைத் தீர்மானிக்க, கண்ணால் பார்த்த ஒரு மதிப்பீடு அப்போதும் வேண்டும். அனல்மின் நிலையப் புகை படியும் எண்ணூர் வானில் இரு கருவிகளுமே இடர்ப்படும்.

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து செல்லும் படகுகள் இக்கடலில் எப்போதும் இருக்கும் என்பதுதான் தெரிவை இன்னொரு முறை மாற்றுகிறது. முக்கோணக் குழாயால் அளக்கப்படுவோர்க்குத் தீங்கில்லை. நியோடிமியம் கலந்த படிகத்தின் 1.06 மைக்ரான் அலைநீள லேசரோ கண்ணின் வில்லையைக் கடந்து விழித்திரையில் குவிந்து அதனைக் கருக்கக்கூடியது. கண்ணுக்குத் தெரியாத ஒளியாதலால் பட்டவர் விலகவும் மாட்டார். தொலைநோக்கி வழியே அத்திசையில் பார்த்துக்கொண்டிருக்கும் படகோட்டிக்கு இடர் இன்னும் கூடும். 1.54 மைக்ரான் அளவிலான எர்பியம் வகை லேசரை விழியின் முன்பகுதி நீரே உறிஞ்சிக்கொள்கிறது. விழித்திரையை அது எட்டுவதில்லை. மக்கள் நடமாடும் இடங்களில் பயிற்சிக்கு இவ்வகையையே நாடுவதன் காரணம் இது.

1914இல் எரிந்தவை துறைமுகத்தையொட்டிய சில தாங்கிகள். 1960களின் இறுதியில் மணலியில் சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கிய பின்னர், அவற்றைவிடப் பன்மடங்கு பெரிய தாங்கிகள் அங்கே நிற்கின்றன. அவற்றின் உயரமும் இடமும் வானிலிருந்து எடுத்த படங்களில் யாருக்கும் கிடைக்கின்றன. அசையாத இலக்கின் தொலைவை அறிய இன்று தொலைவுமானியே தேவையில்லை. கடலில் அசைந்துகொண்டிருப்பவர்க்கே அது தேவைப்படுகிறது, கரையிலிருந்து பார்ப்போரின் கையில்.